பதினெட்டு அடி

பத்திரத்தில் பன்னிரண்டு பேர்ச்.
வைகாசியில் கொய்யா மரத்திலிருந்து கரைக்கு
ஒன்பது எட்டு வைத்தேன்.
ஐப்பசியில் நாலு.
மிச்சத்தை ஆக்ர ஓயா
நொத்தாரிசு இல்லாமலே
தன் பேரில் எழுதிக்கொண்டது.

இடிந்து விழும் சத்தமெல்லாம் இல்லை.
இருட்டில் யாரோ
பாண் பிய்த்துத் தின்பது போலக் கேட்கும்.
விடிந்தால் லீக்ஸ் வரிசையொன்று
வேர் தெரியத் தொங்கும்.

மூன்று விலை கேட்டேன்.
கரண்ட் பில்லின் பின்பக்கத்தில்
மூன்றும் இருக்கின்றன.

வெள்ளவத்தைக் கடையிலிருந்து யோகராசா போனில்:
"உரப்பையில மணல் ரொப்பி அடுக்கு,
அடுத்த வருசம் பாத்துக்கலாம்."
அடுத்த வருசம் என்பது
அவருக்கு ஓர் ஊர்.
பஸ் போகாத ஊர்.

அந்தோனிமுத்து பாஸ் கொங்கிறீட் என்றார்.
ஒரே நேராய், ஏழடி உயரத்துக்கு.
எனக்கும் ஆசைதான்.
லயத்துச் சுவரில் முதுகு உரசி வளர்ந்தவளுக்கு
வழுவழுவென்று ஒரு சுவர்
சொந்தமாய் இருந்தால் என்ன?

டிலுக்ஷன், சபையில் படம் கீறுகிற பெடியன்,
பேசாமல் குசினிக்குள் போய்
வெங்காய வலையில் உருளைக்கிழங்கு நிரப்பி வந்தான்.
"அமுக்கிப் பாருங்க அக்கா."
அமுக்கினேன். நெளிந்தது, உட்கார்ந்தது,
ஒரு கிழங்கும் வெளியே வரவில்லை.
"இதுதான் கெபியன். கம்பிக்கூடை,
உள்ளே கருங்கல், பின்னால துணி.
காலை மட்டும் மூணடி புதைக்கணும்,
ஆறு மொதல்ல காலைத்தான் தின்னும்."

பிறகு மாதா கோயில் வளைவுக்குக் கூட்டிப்போனான்.
அங்கே ஒரு சுவர்
முழுசாய், வெடிப்பில்லாமல்,
குப்புற ஆற்றுக்குள் கிடந்தது.
ஆறு தள்ளியிருந்தால்
மல்லாக்க விழுந்திருக்கும் என்றான்.
முதுகுப் பக்கம் மழைத்தண்ணி கட்டி நின்றதாம்.
வெளியேற ஒரு குழாய்க் கண்கூட வைக்கவில்லையாம்.
கட்டியது யார் என்று நான் கேட்கவில்லை.
வரும்போது பாஸைக் கடையடியில் கண்டோம்,
தலையாட்டினோம்.

அக்கரையில் சோமலதாவின் கரட் பாத்தி.
விஷயம் ஆற்றைவிட வேகமாய்க் கடந்திருக்க வேண்டும்.
இரைச்சலுக்கு மேலாகக் கத்தினாள்,
பாதி சிங்களம் பாதி தமிழ்.
கடைசியில் கையை வளைத்துக் காட்டினாள்:
உன் சுவரில் முட்டி,
திரும்பி,
இப்படி,
எனக்கு.
தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள்.
நான் என் கையை விரித்துக் காட்டினேன்.
இன்னும் முடிவில்லை என்று சொன்னேனோ
காசில்லை என்று சொன்னேனோ,
அவளுக்கு எது விளங்கியதோ.

நாற்பது அடிக் கரை.
கூடைக் கணக்கிலும்
காசு பதினெட்டு அடிக்குத்தான் போதும்.
குசினிக்கா, மலகூடக் குழிக்கா, கொய்யாவுக்கா?
மூன்று நாள் கயிற்றைப் பிடித்து
அங்கும் இங்கும் இழுத்தேன்.
குசினிச் சுவரில் தொடங்கிக்
குழிக்கு அப்பால் இரண்டடியில் நிறுத்தினேன்.
மிச்சத்துக்கு வெட்டிவேர், மூங்கில் கன்று.
கொய்யாவிடம் ஒன்றும் சொல்லவில்லை.

லொறி இறங்காத பாதை.
கல்லைத் தோளில்தான் இறக்கினோம்.
கடைசி நாள் அந்தோனிமுத்து பாஸும் வந்தார்,
கூலி பேசாமல்,
கம்பியை முறுக்கிக் கட்டினார்.
படியாய் மூன்று அடுக்கு,
கரைப்பக்கம் கொஞ்சம் சாய்த்து.
அழகென்று சொல்ல முடியாது.

கார்த்திகையில் இரண்டு ராத்திரி விடாமல் பெய்தது.
டோர்ச்சோடு இறங்கினேன்.
கூடையிடுக்குகளில்
தோட்டத்துத் தண்ணீர் வழிந்து
ஆற்றுக்குப் போய்க்கொண்டிருந்தது.
உள்ளங்கையில் பிடித்து
வெளிச்சத்தில் பார்த்தேன்.
மண்ணில்லை.

எதிர்க்கரையிலும் ஒரு டோர்ச்
குனிந்து, நகர்ந்து,
எட்டு வைத்து அளந்துகொண்டிருந்தது.
நான் என் வெளிச்சத்தை ஒருமுறை அணைத்து ஏற்றினேன்.
அது அப்படியே நின்றது.
பிறகு மறுபடி
முதலிலிருந்து அளக்கத் தொடங்கியது.